வறுத்த குரக்கன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வைலேயில், உன் வீட்டு மேசையில், நீ அந்தக் கதையை மறுபடியும் சொன்னாய். உன்னோடு வேலை செய்யும் இரண்டு டெனிஷ் பிள்ளைகள் வந்திருந்ததால் டெனிஷில் சொன்னாய். உங்கள் கல்யாணத்துக்கு ஸ்டெல்லாவின் அம்மா கிரேஸ் தங்கள் ஊர் முறைப்படி பியர் காய்ச்ச இருந்தார், அதற்கு முளைக்கக்கூடிய குரக்கன், அந்தக் கேழ்வரகுத் தானியம், வேண்டியிருந்தது, அம்மா, அதாவது நான், ஐந்து கிலோ வாங்கி, வண்டு பிடிக்காமல் இருக்க நன்றாக வறுத்துக் கொடுத்துவிட்டேன், பாவம் கிரேஸ் நான்கு நாட்களாகக் குளியலறையில் அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்பா வழக்கம்போலத் தன் பங்கையும் சேர்த்தார்: "இவ ரவையையும் வறுப்பா, மிளகாயையும் வறுப்பா, அசையாமல் நிண்டால் என்னையும் வறுப்பா." ஸ்டெல்லா என் தோளில் கையை வைத்துச் சிரித்தாள். நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, இந்த முறை மட்டும் அடுப்புப் பக்கம் போகாதேங்கோ" என்றாய். நானும் சிரித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக நான் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் களைத்துவிட்டது.

அந்தக் கதையில் பொய் ஒன்றே ஒன்றுதான்: வண்டு. மற்ற எல்லாம் நீ சொன்னபடியே நடந்தன. வாங்கினேன், வறுத்தேன், கொடுத்தேன். ஆனால் வண்டுக்காக வறுக்கவில்லை. அது முளைக்கக் கூடாது என்று வறுத்தேன். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் நீ பாதியிலேயே என்னை மன்னித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாதியில் மன்னிக்கப்பட்டவளுக்கு மீதியைச் சொல்ல மனம் வராது. தமிழில் எழுதினால் நீ மெதுவாகத்தான் வாசிப்பாய், அதுவும் எனக்கு வசதி. ஸ்டெல்லாவுக்கு நீயே மொழிபெயர்த்துச் சொல். வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. உன் சிரிப்புக் கதை, அந்தப் பகிடி, எத்தனை பேரிடம் போனதோ அத்தனை பேரிடம் இதுவும் போகலாம்.

கிரேஸின் வீட்டுக்கு நாங்கள் முதல் தடவை போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ரண்டர்ஸில் அந்த மூன்றாம் மாடி. அவர் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, உடுப்பைக்கூட மாற்றாமல் எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான தூண்டில் உறையை எடுத்துவந்து அதற்குள்ளிருந்து பியர் உறிஞ்சும் குழல்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒவ்வொன்றும் என் உயரத்தைவிட நீளம். ஏதோ ஒரு செடியின் உள்ளீடற்ற தண்டு. அதன் ஒரு நுனியில், பெருவிரல் அளவில், மிக நுண்ணிய நாரால் பின்னிய ஒரு கூடு. பானைக்குள் இருக்கும் மாவுச் சக்கை வாய்க்கு ஏறாமல் தடுப்பது அந்தக் கூடுதான். இற்றுப்போனவற்றைப் பழைய தொலைபேசிக் கம்பியிலிருந்து உரித்த செப்பு இழையால் அவரே திரும்பப் பின்னியிருந்தார். அப்பாவைத் தெரியும்தானே, ஊர் முழுக்க பஸ் ஓட்டி ஆட்களோடு கதைத்துப் பழகியவர். "எயார்போட்டில இதை என்னெண்டு சொல்லிக் கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டார். "மீன் பிடிக்கப் போறன் எண்டு சொன்னனான்" என்றார் கிரேஸ். "பிடிபட்டதோ?" "ஓம். உங்கட மகன்." அவர் டெனிஷில் சொன்னதைத்தான் என் தமிழில் எழுதுகிறேன். அந்த மேசையில் சிரிக்காமல் இருந்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு பானையைக் காட்டினார். அதை அவர் மாலைப் பள்ளியில் செய்திருந்தார். மற்றப் பெண்கள் கோப்பையும் பூச்சாடியும் வனைந்துகொண்டிருக்க, இவர் இரண்டு குளிர்காலமாக ஒரே பானையைச் செய்து, அது வெடித்து, மறுபடி செய்து, மூன்றாம் குளிர்காலத்தில் சுட்டு எடுத்திருக்கிறார். சூளை சிறியது என்பதால் பானையின் கழுத்தை இரண்டு விரல் குறைக்க வேண்டி வந்ததாம். "உயரத்தை டென்மார்க் தீர்மானிச்சது, வயித்தை நான் தீர்மானிச்சன்" என்றார். கிண்டும் துடுப்பை முதியோர் இல்லத்தில் அவர் பராமரித்த ஒரு பழைய தச்சர் பீச் மரத்தில் செதுக்கிக் கொடுத்திருந்தார். எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. வியப்பை நான் வெளியே காட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் கேட்ட ஒரே கேள்வி, குழல்களை எப்படிக் கழுவுவீர்கள் என்பது. கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, என்று அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் அதை என் வேலையிடத்துப் பரிசோதனைக்கூடக் கேள்வியாகக் கேட்டேன். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கிழக்கு உகண்டாவில் தங்கள் பக்கத்தில் அந்தப் பியரை அஜோன் என்பார்கள் என்று சொன்னார். குரக்கன் மாவைக் குழைத்துப் புளிக்கவைத்து, உதிர்த்து வறுத்து, காயவைத்து, முளைத்த குரக்கனை இடித்துச் சேர்த்து, தண்ணீர் விட்டு நான்கு நாள் பானையில் விடுவது. குரக்கன் என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. உனக்கு ஆறு மாதத்தில் முதல் முதல் ஊட்டியது முளைக்கவிட்டு அரைத்த குரக்கன் மாதான். மாவுச்சத்தை இனிப்பாக்குவது முளை. முளை இல்லாவிட்டால் அது பியர் அல்ல, வெறும் கூழ். மாவைத் தமிழ்க் கடையிலேயே வாங்கிவிடலாம். முழுத் தானியம்தான் அவருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. "நீங்கள் கேட்டு எடுத்துத் தாறியளோ, அருணின் அம்மா? உயிரோட இருக்கிற தானியமா வேணும்" என்றார். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயைக் கூப்பிடுவது அவர்களிடமும் இருக்கிறது. ஓம் என்றேன்.

பானையின் முறையையும் அன்றே சொன்னார். கல்யாணத்தில் முதல் பானை இரண்டு தாய்மாருக்கும். இருவரும் அருகருகே இருந்து, ஒரே பானைக்குள் ஆளுக்கொரு குழலை விட்டு முதலில் குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள். மருமகன் மாமியாரின் பானையில் குழல் வைப்பதில்லை, அவனுக்கு வேறு பானை. குழலை இடக்கையால் பிடிக்கக் கூடாது, உள்ளே ஊதிக் குமிழி விடக் கூடாது. ஸ்டெல்லாவின் அப்பா இல்லாததால் அவளைக் கொடுக்கும் உரிமை கிரேஸின் அண்ணனுடையது. அவர் உகண்டாவின் சொரோட்டியிலிருந்து வருவார். தங்கையின் பியரைக் குடித்துப் பார்த்து, நல்லது என்று சொன்னால்தான் அவர்கள் கணக்கில் கல்யாணம் நிறைவாகும். எனக்கென்று ஒரு குழலைத் தானே செய்து தருவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தும் தந்தார். அதன் கூடு செப்பு இழையில், மிக நெருக்கமாகப் பின்னியது. நான் கழுவுவதைப் பற்றிக் கேட்டதை மனதில் வைத்துத்தான் அப்படிப் பின்னினார் என்று பிறகு தெரிந்தது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பானை வேண்டாம் என்பதற்கு இரண்டு கிழமைகள் நான் எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பெரிய மாமா குடியால் சீரழிந்ததை நினைத்தேன். கல்யாணத்தில் குடி எதற்கு என்று ஒரு தாய் யோசிக்கக் கூடாதா என்றேன். அது நல்ல காரணம், யாரும் எதிர்த்துக் கதைக்க முடியாத காரணம். ஆனால் உன் கல்யாண மண்டபத்தில் வைன் வைக்க நான் மறுப்புச் சொல்லவில்லை. பிறகு சுகாதாரத்தை நினைத்தேன். பால் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாக நுண்ணுயிர்களை வளர்த்துச் சம்பளம் வாங்குகிறேன். நொதித்த பானையில் என்ன உயிர்வாழும், என்ன வாழாது என்று ஓரளவு அறிந்தவள். அந்தப் பானை என் குசினியில் இருக்கும் பாத்திரம் துடைக்கும் துணியைவிடச் சுத்தம். ஆக அந்தக் காரணமும் நிற்கவில்லை. மிஞ்சியது எச்சில்.

உனக்கு நான்கு வயதில், பாலர் பள்ளியில் உன்னோடு படித்த ஒரு பிள்ளையின் போத்தலில் நீ வாய் வைத்துக் குடித்ததைக் கண்டு, எல்லோருக்கும் முன்னால் உன் கையில் அடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், எச்சில் என்றால் என்ன என்று கேட்டாய். நான் டெனிஷில் பக்டீரியர் என்றேன். நீ கிழமைக்கணக்காக வாயைத் திறந்து கண்ணாடியில் பக்டீரியரைத் தேடினாய். அது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதில், எங்கள் வளவில் பனை ஏற வந்தவர் தண்ணீர் கேட்டார். அவருக்கென்று வேலியில் ஒரு சிரட்டை கொழுவியிருக்கும். நான் அதை மறந்து, வீட்டில் நாங்கள் தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணியில் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கவே தயங்கினார். என் அம்மா என்னை ஏசவில்லை. அவர் போன பிறகு பேணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்பில் தலைகீழாகப் பிடித்துச் சூடு காட்டினார். "நெருப்புப் பட்டால் எல்லாம் போயிடும்" என்றார். நான் படித்தேன், நாடு மாறினேன், சாதி என்ற சொல்லையே வீட்டில் எடுத்ததில்லை, கோயிலுக்குக்கூட அப்பாவின் வற்புறுத்தலுக்காகத்தான் போகிறேன். இவையெல்லாம் விட்டுப்போயின என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். ஹோர்சன்ஸிலிருந்தும் ஹெர்னிங்கிலிருந்தும் வரும் எங்கள் சனம் எல்லாம் பார்க்க, ஒரு ஆபிரிக்கப் பெண்ணின் வாய்பட்ட பானையில் நானும் வாய் வைத்து உறிஞ்சுவதை நினைத்தபோது எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தேன். அதற்கு விஞ்ஞானத்தில் பெயர் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்தேன். பெரிய தாச்சியை வைத்து, ஐந்து கிலோவையும் ஐந்து தடவையாக வறுத்தேன். வண்டுக்கு வறுப்பதென்றால் கையில் சூடு தெரியும்வரை வைத்து இறக்கினால் போதும். நான் தானியம் பொரிந்து வெடிக்கும்வரை நின்றேன். என்ன வெப்பத்தில் முளை சாகும் என்பது எனக்குத் தெரியும், அதற்கு மேலும் நின்றேன். அப்பா வேலையால் வந்து, "என்ன, வீடு முழுக்க மணக்குது, புட்டோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, அவருக்கு இரவு குரக்கன் புட்டும் அவித்துக் கொடுத்தேன். வறுத்த தானியத்தை ஆறவைத்து, பையில் கட்டி, அடுத்த சனிக்கிழமை உன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "தாங்ஸ் அம்மா, கிரேஸ் சரியான சந்தோஷப்படுவா" என்றாய்.

ஐந்தாம் நாள் கிரேஸ் தொலைபேசி எடுத்தார். முளைக்கவில்லை, பழைய தானியம்போல இருக்கிறது என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து கேட்ட அப்பா துள்ளி எழுந்தார்: "ஐயோ, இவ அதை வறுத்தவ! அண்டைக்கு வீடெல்லாம் மணந்தது! வண்டு வந்திடும் எண்டு இவ கடையில இருந்து வாற எல்லாத்தையும் வறுக்கிறவ!" அப்பாவே முதலில் சிரித்தார். பிறகுதான் கிரேஸ் சிரித்தார். எனக்கு ஒரு கதவு தானாகத் திறந்ததுபோல இருந்தது. நான் செய்ததெல்லாம் அதற்குள்ளால் நடந்து வெளியே வந்தது மட்டும்தான். இப்படித்தான் பகிடி பிறந்தது. நான் பொய் சொல்லவில்லை தம்பி, யாரோ அன்போடு எனக்காகச் சொன்ன பொய்யை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவதுதான் மோசம் என்று இப்போது நினைக்கிறேன்.

புதிதாகத் தானியம் வாங்கி முளைக்கவிட நாள் போதவில்லை. அப்பா கிரேஸைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கான கடைக்குப் போய் வாற்கோதுமை முளைமா வாங்கிக் கொடுத்தார். அதில்தான் கல்யாணப் பியர் ஆனது. ரண்டர்ஸுக்கு வெளியே அந்த ஊர்மண்டபத்தில், நீ உன் பானையடியில் உன் நண்பர்களோடு இருந்தாய்; அதனால் எங்கள் பானையடியில் நடந்ததைக் காணவில்லை. கிரேஸ் குடித்தார். நான் குழலை வலக்கையால் பிடித்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சவில்லை. படம் எடுத்தார்கள், நான் கண்ணைத் தாழ்த்திக் குடிப்பதுபோல இருக்கும் அந்தப் படத்தைத்தான் நீ பெரிதாக்கி உன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாய். எங்களுக்குப் பிறகு கிரேஸின் அண்ணன், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஒரு தடவை உறிஞ்சினார். குழலை மெதுவாக வைத்தார். தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். கிரேஸ் தலையைக் குனிந்தார். என்ன சொல்கிறார் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவள் என் காதில் சொன்னாள்: "இது டென்மார்க் தண்ணி எண்டு சொல்லுறார். அம்மாவின்ர கை மறந்துபோச்சாம்." அவர் ஸ்டெல்லாவைக் கொடுத்தார்தான். நல்லது என்ற சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. கிரேஸ் பக்கத்தில் இருந்து என் கையைத் தட்டி, "அவர் கிழவர், எல்லாத்துக்கும் குறை சொல்லுவார்" என்று என்னைத் தேற்றினார். என்னை.

அதற்குப் பிறகு அவர்களுடைய ஆட்களின் இரண்டு கல்யாணங்களுக்கு வேறு ஒருவரைக் காய்ச்சக் கேட்டார்கள் என்று ஸ்டெல்லா ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அதுவரை இந்த நாட்டில் அந்தப் பக்கத்துச் சனத்தின் எந்தக் கொண்டாட்டமும் கிரேஸின் பானை இல்லாமல் நடந்ததில்லையாம். நான் தலையாட்டினேன். நீயோ பகிடியைச் சொல்லச் சொல்ல மெருகேற்றிக்கொண்டே போனாய். ஒரு தடவை கிரேஸ் தானியத்துக்குப் பாட்டுப் பாடினார் என்றும் சேர்த்தாய்.

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு எந்தளவு இருக்கிறது என்று தெரியவில்லை. புத்திமதிகளில் எனக்கு நம்பிக்கையும் குறைவு. கேட்டு நடந்த எவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் உன்னைவிட நீண்ட காலம் கல்யாணம் கட்டியிருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் கதை ஒன்று இருந்தால், அதில் யார் கடைசியாகச் சிரிக்கத் தொடங்குகிறார் என்று பார். ஸ்டெல்லாவோடு உனக்கு ஏதும் பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்று சொல். அதற்குச் சுகாதாரம், வசதி, நேரமில்லை என்று வேறு பெயர் வைக்காதே. நல்ல பெயர் கிடைத்துவிட்டால் பிறகு அதை நீயே அடையாளம் காணமாட்டாய். படித்தவர்களுக்கு நல்ல பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ உங்கள் பயணத்தைச் சொன்னாய். ஸ்டெல்லாவுக்குச் சொரோட்டியில் இரண்டு வருட வேலை, நீயும் கூடப் போகிறாய், வீடு கிடைக்கும்வரை அவளுடைய மாமாவின் வளவில் இருப்பீர்கள். பயணம் அனுப்பக் கிரேஸ் மறுபடி காய்ச்சுகிறார், குரக்கன் மறுபடி என் பொறுப்பு. "அவவே உங்களிட்டத்தான் கேக்கச் சொன்னவ" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, வீட்டுக்கு வராமல், ரண்டர்ஸ் ரயிலில் ஏறினேன்.

கிரேஸ் புளித்த மாவை உதிர்த்துத் தட்டில் வறுத்துக்கொண்டிருந்தார். புகை போகப் பல்கனிக் கதவு திறந்திருந்தது. நான் கோட்டைக் கழற்றாமலே நின்று சொன்னேன். வண்டுக்காக வறுக்கவில்லை என்று. அவர் துடுப்பை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"நாலாம் நாள். ஒண்டைக் கடிச்சுப் பாத்தனான். பொரிஞ்சிருந்தது. நான் வறுக்கிற ஆள், அருணின் அம்மா. ஒருத்தி அடுப்படியில எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு தானியத்தைப் பாத்தாலே தெரியும்."

"பிறகேன் பழைய தானியம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்தனான். உங்கட மனுசன் முந்திட்டார்."

"அண்டைக்கு உங்கட அண்ணைக்காவது சொல்லியிருக்கலாமே."

"வறுத்த கதையைச் சொல்லியிருந்தால், அவருக்கு வண்டுச் சாட்டு போதாது, தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பியிருப்பார். என்ர பிள்ளைக்கு உங்கட பிள்ளை வேணும்." தட்டை ஒருமுறை குலுக்கிவிட்டு, "குழலிலயும் நீங்கள் குடிக்கேல்லை. தொண்டை அசையேல்லை. அந்தக் கூட்டைப் பின்ன எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது" என்றார்.

மன்னிக்க வேண்டும் என்றேன். டெனிஷில் அந்தச் சொல் மிகச் சின்னது, பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதை வைச்சு நான் என்ன செய்யிறது? கோட்டைக் கழட்டிப்போட்டு இதைக் கொஞ்சம் கிண்டுங்கோ. கை நோகுது." கிண்டினேன். அன்று என் குசினியில் எழுந்த அதே மணம். அவர் கதிரையில் இருந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை இன்னும் சொல்லித் திரியிறார், கிரேஸின்ர கை செத்துப்போச்சு எண்டு. அங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப என்ர பிள்ளை அந்தச் சனத்துக்கை போறாள்." நான் அவருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். "அவர் வாசிக்கிற ஆளில்லை." தொலைபேசியில் சொல்கிறேன் என்றேன். "போனில சொன்னால் நான் சொல்லிக்குடுத்த சாட்டு எண்டுவார். பானையடியில இருந்து சொல்லோணும். அங்க சொன்னால்தான் அது சொல்லு. உங்கட மகன் போறான்தானே." பிறகு எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தார். "அடி பிடிக்குது. கெதியாக் கிண்டுங்கோ" என்றார்.

ஆகவே இதுதான் தம்பி நான் உன்னிடம் கேட்பது. நியாயமில்லாத கேள்வி என்று தெரியும். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் ஸ்டெல்லாவின் மாமா உனக்குக் குழல் தருவார். குடித்த பிறகு சொல். அம்மா மறந்துபோய் வறுத்தா என்று சொல்லாதே, தெரிந்து வறுத்தா என்று சொல். ஏன் என்று கேட்பார். உங்கள் வாய்பட்ட பானையில் வாய் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று சொல். சிரட்டைக் கதையையும் சொல்லலாம், ஆனால் அதைச் சாட்டாகச் சொல்லாதே. அவர் கோபிப்பார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினாலும் நீ எழும்பாதே, இருந்த இடத்திலேயே இரு. கிரேஸின் கையில் ஒரு பிழையும் இல்லை என்பது அவர் காதில் விழும்வரை இரு. இதை மட்டும் பகிடியாக்காதே. உனக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதுதான் எனக்குப் பயம்.

குரக்கன் எங்கள் குளியலறையில், ஈரத் துணியில் பரப்பியிருக்கிறது. அப்பா மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில் குளிக்கிறார், காரணம் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "அப்ப என்ர பகிடி?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். இன்று காலை பார்த்தேன், ஒவ்வொரு மணியிலும் வெள்ளை மயிரிழைபோல வேர் வந்திருக்கிறது. நாளைக்கு ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காயவைத்து, கிரேஸுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அடுத்த கிழமை சனிக்கிழமை அந்தப் பானையடியில் நான் இருப்பேன். என்னுடைய குழலைக் கொதிநீரில் கழுவவில்லை, கிரேஸ் தந்தபடியே கொண்டுவருகிறேன். குடிக்க என்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீ உன் பானையடியில் இரு. இந்த முறை யாரும் படம் எடுக்க வேண்டாம்.

அம்மா